ஸ்டீயரிங் பம்பு ஒழுகினால் உடனே புதுசு வாங்கணுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சொந்தமாக வாடகைக் கார் ஓட்டும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் ஊறுகாய் போடுவது, பினாயில் தயாரிப்பது, கறவை மாடு வளர்ப்பது பற்றிப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியும் எண்ணெயும்தான். ஆனாலும் போன மாதக் கூட்டத்தில் நடந்த விவாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தங்கச்சி, மகன் ஓட்டுகிற காரில் பவர் ஸ்டீயரிங் பம்பு ஒழுகுது, புதுசு மாட்ட 9,000 ரூபாய் கேட்கிறார்கள், உள்கடன் கொடுங்கள் என்று கேட்டாள். கொடுக்கலாமா வேண்டாமா, இது தொழில் செலவா வீட்டுச் செலவா என்று அரை மணி நேரம் பேசினோம். அந்தப் பம்பு ரிப்பேரா இல்லையா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கையைத் தூக்கி, “எனக்கும் அது நடந்தது” என்றேன். அதோடு மாட்டிக்கொண்டேன். இந்த மாதம் நீயே வந்து விவரமாகச் சொல் என்று தலைவி அக்கா சொல்லிவிட்டார்.

எங்கள் வண்டி ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் கார். 2009 மாடல். 2017இல் குழுவில் 1,80,000 ரூபாய் கடன் வாங்கி, அதோடு நகை அடகுப் பணமும் போட்டு வாங்கினோம். அப்போது என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். 2019இல் அவருக்குக் காலில் அடிபட்டுக் கம்பி வைத்த பிறகு கிளட்சை மிதிக்க முடியவில்லை. வண்டி வாசலில் நின்றால் தவணை நிற்குமா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க, நான் ஓட்டிப் பழகி லைசென்ஸ் எடுத்தேன். விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், விசேஷ வீடு, பழனி கோயில் என்று வாடகை ஓடும். பொம்பளை ஓட்டுறாளா என்று முதலில் தயங்கியவர்கள் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அது வேறு கதை.

2021இல் புரட்டாசி மாதம் வாக்கில் வண்டி நிற்கிற இடத்தில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், சின்னதாகச் சிவப்பு எண்ணெய்ச் சொட்டு. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் டப்பாவைத் திறந்து பார்ப்பேன், குறைந்திருந்தால் ஊற்றுவேன். ஊத்து, ஓட்டு, ஊத்து, ஓட்டு. இப்படி இரண்டு மாதம். நடுவில் பெல்ட் ‘கீச்’ என்று கத்த ஆரம்பித்தது. ரோட்டோரத்தில் ஒருவரிடம் காட்டினேன். பெல்ட் லூசு என்று இறுக்கிக் கொடுத்தார். சத்தம் நாலு நாள் நின்றது. மறுபடி கத்தியது. மறுபடி இறுக்கினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன்.

தீபாவளி முடிந்த மறு வாரம். எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றைச் சிறுமலைக்குப் பெண் பார்க்கக் கூட்டிப் போனேன். வண்டியில் ஆறு பேர், அதில் ஒரு அப்பத்தா, ஒரு கைக்குழந்தை. சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவு உண்டு, உங்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாதி வழியில், ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கிறேன், ஆட்டுக்கல்லைப் பிடித்துச் சுற்றுகிற மாதிரி இருக்கிறது. ஒரு கையால் திரும்பும் ஸ்டீயரிங் இரண்டு கையாலும் திரும்ப மாட்டேன் என்கிறது. வேகம் குறைவு, இரண்டாவது கியரில் வந்தேன், அதனால் தப்பித்தோம். எழுந்து நிற்காத குறையாக இழுத்துத் திருப்பி, அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினேன். பானெட் இடுக்கில் இருந்து புகை வந்தது. ஒழுகிய எண்ணெய் சூடான சைலன்சர் குழாயில் பட்டுக் கருகியது. எல்லோரையும் இறக்கி தூரமாக நிற்க வைத்தேன். தீப்பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். அப்பத்தா என் கையைப் பிடித்து, “ஏன் ஆத்தா உனக்கு இப்படி நடுங்குது?” என்று கேட்டது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது கை நடுங்குவது.

ஒரு விஷயம். பவர் ஸ்டீயரிங் போய்விட்டால் வண்டி திரும்பவே திரும்பாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இருக்கிற இரும்பு இணைப்பு அப்படியே இருக்கும். பம்பு கொடுத்த உதவி மட்டும்தான் நின்றுவிடும். அதனால் பயந்து கையை விடக் கூடாது. ஆக்ஸிலேட்டரை விட்டு, இரண்டு கையாலும் பலமாகப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். உங்கள் வீட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். எட்டிப் பார்த்தார்கள். “பம்பு போச்சு. புதுசு 9,500, கூலி 1,200. காயலான் கடைப் பம்பு என்றால் 3,000, ஆனால் கேரண்டி கிடையாது” என்றார்கள். என் கையில் 4,200 இருந்தது, அதிலும் 10ஆம் தேதித் தவணைக்கு எடுத்து வைத்த பணம் கலந்திருந்தது. பம்பு எப்படிப் போச்சு, எங்கே ஒழுகுது என்று கேட்டேன். “உங்களுக்குச் சொன்னா புரியாதும்மா” என்று பதில் வந்தது. இந்தப் பதிலை இங்கே இருக்கிற எல்லோரும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். நான் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன்.

பக்கத்து ஊரில் டிராக்டர் மெக்கானிக் ஒரு தாத்தா இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். டிராக்டரில் கலப்பையைத் தூக்குவதே எண்ணெய் அழுத்தம்தான், அதனால் பம்பு அவருக்குப் புதுசு இல்லை. அவர் சொன்ன முதல் வார்த்தை, “தாயி, முதல்ல எங்க ஒழுகுதுன்னு பாரு. அப்புறம் பம்பைத் திட்டு.”

எப்படிப் பார்த்தோம் என்று சொல்கிறேன். எஞ்சின் ஆறிய பிறகு, பம்பு, டப்பா, குழாய் எல்லாவற்றையும் டீசல் தொட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிட்டோம். எண்ணெயை அளவுக்கு நிரப்பினோம். பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடரைக் குழாய் இணைப்பு, பம்பின் உடம்பு, டப்பாவின் அடி எல்லாவற்றிலும் தூவினோம். எஞ்சினை ஓடவிட்டு வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப, நாங்கள் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தோம். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் ஒழுக்கு. எண்ணெய் கீழே ஓடிப் பரவிய பிறகு பார்த்தால் எல்லாமே ஒழுகுகிற மாதிரிதான் தெரியும். எங்களுக்கு இரண்டு இடத்தில் நனைந்தது. ஒன்று, டப்பாவுக்குத் திரும்பி வரும் ரப்பர் குழாயின் கிளிப். அது பத்து இருபது ரூபாய் சாமான். இன்னொன்று, பம்பில் பெல்ட் ஓடுகிற புல்லிக்குப் பின்னால். அங்கே ஒழுகினால் உள்ளே இருக்கிற ஆயில் சீல் என்று அர்த்தம். சிலருக்கு அந்தக் கிளிப் ஒன்றுதான் கோளாறாக இருக்கும், பம்பையே மாற்றியிருப்பார்கள்.

இந்த இடத்தில் நமக்கான எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டும் காத்தாடியும் சுற்றும். சேலை முந்தானை, துப்பட்டா, பின்னல் எதுவும் கிட்டே போகக் கூடாது. நான் வயல் வேலைக்குப் போகிற மாதிரி சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, முந்தானையை உள்ளே செருகி, முடியைக் கொண்டை போட்டுத் துணி கட்டிக்கொள்வேன். சில கார்களில் எஞ்சினை நிறுத்தின பிறகும் காத்தாடி தானாகச் சுற்றும். அதே மாதிரி, ஓடும்போது ஒழுக்கைக் கை வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் ஊசித் துவாரத்தில் இருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அழுத்தம் என்றால் எவ்வளவு? நம் வீட்டு குக்கரில் வெயிட் தூக்குவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தத்தில். கார் டயரில் 2 கிலோ. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்தால் இந்தப் பம்புக்குள் வண்டிக்குத் தகுந்த மாதிரி 70 முதல் 100 கிலோ வரை போகும். கையளவு பம்பு!

உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்றால், நடுவில் ஒரு சக்கரம். அதைச் சுற்றிலும் வெட்டு வெட்டாகப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய ஒரு இரும்புத் தகடு, சும்மா செருகி நிற்கும். எங்கள் பம்பில் பத்துத் தகடு. சக்கரம் சுற்றும்போது தகடுகள் வெளியே வீசப்பட்டு, சுற்றிலும் இருக்கிற வளையத்தில் உரசிக்கொண்டு ஓடும். அந்த வளையத்தின் உள்பக்கம் முழு வட்டம் இல்லை, முட்டை வடிவம். அதனால் தகடுகளுக்கு நடுவே இருக்கிற இடம் விரியும்போது எண்ணெயை உறிஞ்சும், சுருங்கும்போது பிழிந்து தள்ளும். அழுத்தம் அளவு மீறினால் திறந்துவிட ஒரு வால்வு உண்டு, குக்கர் வெயிட் மாதிரி. வெளியே ஒழுகாமல் காப்பது இரண்டு ரப்பர் சாமான். மூடிக்கும் உடம்புக்கும் நடுவே ஓ ரிங். சுற்றுகிற தண்டைக் கவ்விப் பிடிக்கிற ஆயில் சீல். பழைய குக்கர் கேஸ்கட்டைப் பார்த்திருப்பீர்கள், விறைத்துப் போய் ஆவி விடும். அதற்காகக் குக்கரையே மாற்றுவோமா? பத்துப் பன்னிரண்டு வருஷம் சூட்டில் கிடந்த ஓ ரிங்கும் சீலும் அதே மாதிரிதான் ஆகும்.

இதைக் கண்டுபிடித்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபிரான்சிஸ் டேவிஸ் என்று ஒரு அமெரிக்க எஞ்சினியர், லாரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கனமான வண்டியைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைப் பார்த்து, 1926இலேயே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டீயரிங்கை ஒரு காரில் மாட்டி ஓட்டிக் காட்டினார். கடையில் விற்கிற காரில் அது வர 1951 ஆகிவிட்டது, கிரைஸ்லர் கம்பெனியின் காரில். இப்போது நம்ம புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையிலேயே பவர் ஸ்டீயரிங் தயாராகிறது. புதிதாக வரும் சின்னக் கார்களில் எண்ணெயும் பம்பும் கிடையாது, கரண்டு மோட்டார்தான் திருப்புகிறது. ஆகவே நான் சொல்வதெல்லாம் பழைய வண்டிக்கு. நாம் வாங்குவது பழைய வண்டிதானே!

பம்பைக் கழற்றினோம். டப்பாவில் இருந்த எண்ணெயைப் பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சி ஒரு கேனில் எடுத்தோம். அதை மண்ணில் ஊற்றக் கூடாது, கிணற்றுத் தண்ணீருக்குக் கேடு. பெல்ட்டைத் தளர்த்தி, குழாய்களைப் பிரித்து, வாயில் பிளாஸ்டிக் கவர் சுற்றி ரப்பர் பேண்டு போட்டோம், தூசி போகாமல் இருக்க. பம்பின் வெளிப்பக்கத்தை மறுபடி நன்றாகக் கழுவிய பிறகுதான் பிரிக்கத் தொடங்கினோம். அந்தப் புல்லி நட்டு போட்டது. கழற்றி, புல்லரால் இழுத்தோம். சில வண்டியில் நட்டு இருக்காது, இறுக்கி ஏற்றியிருப்பார்கள், அதற்குத் தனி புல்லர் வேண்டும். சுத்தியால் தட்டினால் தண்டு, பேரிங் எல்லாம் கெடும்.

தாத்தா ஒரு சுத்தமான தட்டில் பேப்பர் விரிக்கச் சொன்னார். பந்தியில் பரிமாறுகிற மாதிரி, கழற்றுகிற வரிசையில் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வைத்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் என் மகள் செல்போனில் போட்டோ எடுத்தாள். இது ரொம்பப் பயன்பட்டது. ஏனென்றால் அந்தத் தகடுகளின் ஒரு ஓரம் உருண்டையாகவும் மறு ஓரம் தட்டையாகவும் இருக்கும். உருண்டை ஓரம் வெளியே வளையத்தைப் பார்த்து இருக்க வேண்டும். முட்டை வடிவ வளையத்துக்கும் எந்தப் பக்கம் மேலே என்று அடையாளம் உண்டு. மாற்றிப் போட்டால் பம்பு சரியாக வேலை செய்யாது.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்? வளையத்தின் உள்பக்கம், பக்கத் தகடு, இரண்டையும் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் பம்பு பிழைக்கும். நகம் மாட்டுகிற அளவு அலை அலையாக, கோடு கோடாக இருந்தால் சீல் மாற்றிப் பயன் இல்லை, வேறு பம்புதான். எங்களுடையது வழவழப்பு. பிறகு தண்டு. சீல் உரசுகிற இடத்தில் பள்ளம் விழுந்திருந்தாலும் புது சீல் நிற்காது. எங்களுக்கு லேசான கோடு மட்டும். மிக நைசான எமரித் தாளில் எண்ணெய் தொட்டு, தண்டைச் சுற்றிய வாக்கில் மட்டும் மெருகேற்றினோம். நீள வாக்கில் தேய்த்தால் அந்தக் கோடு வழியாகவே எண்ணெய் வரும். வால்வைக் கழுவி, அது தன் எடையிலேயே வழுக்கி இறங்குகிறதா என்று பார்த்தோம். இறங்கியது. கழுவின பிறகு உள்ளே பனியன் வேஸ்டால் துடைக்காதீர்கள். வெளியே துடைக்க அது நல்லது, உள்ளே நூல் சிக்கினால் வம்பு.

அடுத்தது பேரிங். தாத்தா தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். “தாயி, இதுல ஆட்டம் இருக்கு. பேரிங்கையும் மாத்திரு” என்றார். எனக்கு அந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. விரலால் சுற்றினால் சுற்றியது. பேரிங்கை மாற்ற லேத் பட்டறையில் பிரஸ் வைத்து எடுக்க வேண்டும். அன்று கார்த்திகைத் தீபம், பட்டறை லீவு. மறுநாள் விடியற்காலை மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒரு வாடகை ஒத்துக்கொண்டிருந்தேன். விட்டால் வேறு வண்டி பிடித்துக்கொள்வார்கள். பேரிங், பிரஸ் கூலி சேர்ந்து 390 ரூபாய். “இப்போதைக்கு சீல் மட்டும் போடுங்க தாத்தா, பேரிங்கை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

சீல் மாட்டுவதில் விஷயம் இருக்கிறது. சீலுக்குள் சின்ன ஸ்பிரிங் வளையம் இருக்கும். அந்தப் பக்கம் எண்ணெய் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் முதல் நாளே ஒழுகும். உதட்டில் அதே எண்ணெயைத் தடவி, தண்டின் கூர்மையான வெட்டு சீலைக் கிழிக்காமல் இருக்க அதன் மேல் டேப் ஒட்டி, சீலின் அளவுக்குச் சரியான பாக்ஸ் ஸ்பானர் முகத்தை வைத்து நேராக அழுத்தினோம். எல்லா ஓ ரிங்கும் புதுசு. குழாய் போல்ட்டுக்குச் செம்பு வாஷரும் புதுசு. பழைய கிளிப்புக்குப் பதில் தாத்தாவிடமே ஒன்று கிடந்தது. மாட்டினோம், ஓட்டினோம், சொட்டு இல்லை. அடுத்த குழுக் கூட்டத்தில், 9,500 கேட்ட வேலையை 1,200 ரூபாயில் முடித்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். கை தட்டினார்கள்.

பதினோராவது நாள் மறுபடி வாசலில் சிவப்புச் சொட்டு.

அன்றைக்கு நான் அழுதேன் என்று சொல்ல வெட்கம் இல்லை. பணம் போனதற்காக அழவில்லை. அந்த 1,200இல் பெரும்பகுதி குழுவில் எடுத்த 2,000 ரூபாய் உள்கடன். “மெக்கானிக் ஆகப் போறாளாம்” என்று எங்கள் தெருவில் ஏற்கனவே பேச்சு. குழுவில் ஒரு அக்கா, கெட்ட எண்ணம் இல்லாமல்தான், “புதுசே வாங்கியிருக்கலாம்ல?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் தாத்தா வீட்டுப் பக்கமே போகவில்லை.

போனபோது அவர் திட்டவில்லை. பம்பை மறுபடி கழற்ற வைத்தார், இந்த முறை முழுக்க என் கையாலேயே. கழற்றின சீலைக் காட்டினார். புது சீல், அதன் உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பேரிங் ஆட்டத்தில் தண்டு கோணலாகச் சுற்றியிருக்கிறது. சீல் எவ்வளவு புதுசாக இருந்தாலும், ஆடுகிற தண்டை எப்படிப் பிடிக்கும்? அப்போது பேரிங் ஏன் போச்சு என்று கேட்டேன். பெல்ட்டை விரலால் அழுத்திக் காட்டச் சொன்னார். வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது. கிளிப்பில் இருந்து ஒழுகிய எண்ணெய் பெல்ட்டில் பட்டது. எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கிக் கத்தியது. லூசு என்று நினைத்து இறுக்கினார்கள். எண்ணெய் இருக்கும்வரை கத்தத்தானே செய்யும்? மறுபடி இறுக்கினார்கள். இறுக்கின இறுக்கில் பேரிங்கை ஒரு பக்கமாக இழுத்து இழுத்து அது தேய்ந்தது. பேரிங் ஆட, சீல் போச்சு. இருபது ரூபாய் கிளிப்பில் தொடங்கியது சிறுமலை வளைவு வரை கொண்டுவந்து விட்டது.

பேரிங்கின் ஓரத்தில் நம்பர் அடித்திருக்கும். அதைக் காட்டினால் திண்டுக்கல்லில் எந்த பேரிங் கடையிலும் அதே அளவு கிடைக்கும். லேத்தில் பிரஸ் வைத்து ஏற்றினார்கள். தண்டின் மேல் ஏற்றும்போது பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தை அழுத்தினால் குண்டு வழியாக அழுத்தம் போய் புது பேரிங்கே கெடும். பெல்ட்டும் மாற்றினேன், எண்ணெயில் ஊறிய பெல்ட்டைக் கழுவிப் போட்டாலும் நம்ப முடியாது.

காற்று எடுப்பதைச் சொல்ல மறக்கக் கூடாது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்குக் கீழே போகாதீர்கள். எண்ணெயை நிரப்பி, எஞ்சினைப் போடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசி வரை இருபது தடவை மெதுவாகத் திருப்பினோம். நுரை நுரையாக வரும், அளவு இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். நுரை நின்ற பிறகுதான் எஞ்சினைப் போட வேண்டும். காற்றோடு ஓட்டினால் பம்பு ஊளையிடும், உள்ளே தேயும். ஓட்டும்போதும் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து நாலைந்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது நிறையப் பேர் செய்கிற தப்பு இது.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். எந்த எண்ணெய் என்று வண்டிப் புத்தகத்திலோ டப்பா மூடியிலோ போட்டிருக்கும். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் உப்பிப் போய்விடும். ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்கள். ரப்பரைக் கொஞ்ச நாள் ஊற வைக்கும், அவ்வளவுதான், தேய்ந்த பேரிங்கை அது என்ன செய்யும்?

இரண்டாவது தடவைக் கணக்கு: சீல் 120, பேரிங் 290, பிரஸ் 100, பெல்ட் 420, வாஷர் 40, எண்ணெய் 380, தாத்தாவுக்கு 300. ஆக 1,650. முதல் தடவை 1,200. மொத்தம் 2,850. முதலிலேயே தாத்தா பேச்சைக் கேட்டிருந்தால் 2,010 ரூபாயில் முடிந்திருக்கும். 390 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 840 கூடுதலாகப் போச்சு, நடுவில் இரண்டு வாடகையும் போச்சு. முடிந்த பிறகு மூன்று நாள் ஆள் ஏற்றாமல் வெறும் வண்டியாக ஓட்டி, தினமும் அடியில் அட்டை போட்டுப் பார்த்தேன். பிறகு சிறுமலைக்கே தனியாக ஒரு தரம் ஏறி இறங்கினேன். என் பயம் போக வேண்டும் அல்லவா. அந்தக் கடனைத் தை மாதத்தில் அடைத்தேன். 2024இல் பம்பு எண்ணெயை ஒருமுறை மாற்றினேன். அதே பம்புதான் ஓடுகிறது.

கடன் கேட்ட தங்கச்சிக்கு என் யோசனை. கடன் கொடுக்கலாம், தீர்மானம் போடலாம், ஸ்டீயரிங் விஷயத்தைத் தள்ளிப் போடக் கூடாது. ஆனால் தொகையை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பவுடர் போட்டுப் பார்க்கட்டும். மெக்கானிக்கிடம், ஒழுக்கு குழாயிலா பம்பிலா, தண்டில் ஆட்டம் உண்டா, உள்வளையம் தேய்ந்திருக்கா என்று கேட்டு வரட்டும். வளையம் தேய்ந்திருந்தால் 9,000 கொடுத்துப் புதுசே போடட்டும், நான் தடை சொல்ல மாட்டேன். பழகின கை இல்லாமல் வீட்டில் தானாகப் பிரிக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், பவுடர் டப்பா மட்டும் எடுத்து வை.

அந்தப் பழைய பேரிங்கையும், இரண்டு சீலையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். சுற்றி அனுப்புகிறேன், கையில் எடுத்துப் பாருங்கள். பேரிங்கை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிகிறதா என்று சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், முந்தானையில் துடைக்காதீர்கள், அடியில் துணி வைத்திருக்கிறேன்.